ஆறு பலம்

வடக்கனந்தல்
20-1-1963

அன்புள்ள அண்ணனுக்கு,

கமலா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ மலைமேல் ஊர் ஊராகக் கொசு மருந்து அடித்து இருமிக்கொண்டு திரிகிறாய் என்று கச்சிராயபாளையம் பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு அடி. சர்க்கார் உனக்கு மலேரியாவை ஒழிக்கத்தான் சம்பளம் கொடுக்கிறது, உன்னை ஒழித்துக்கொள்வதற்கு இல்லை.

எனக்குக் கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் நீ எழுதிய கடிதம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு பக்கம் வராது. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

காணும் பொங்கல் அன்று கள்ளக்குறிச்சியில் நம் மாருதி தேகப்பயிற்சி சாலையில் பளு தூக்கும் போட்டி நடந்தது. உன் மாப்பிள்ளை நூறு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார். முட்டி மடங்கவில்லை. நடுவர் கையை இறக்கும் வரைக்கும் ஆடாமல் நின்றார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே பார்த்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை எழுதினால் உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் எழுதுகிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

சாலையின் சுவரில் உன் பேர் போட்ட பலகை இருக்கிறதே, அதைப் புதிதாக வர்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள். ‘ஆதிமூலம் – 220 பவுண்டு – 1958’ என்று இருந்தது, இப்போது ‘ஆதிமூலம் – 100 கிலோ – 1958’ என்று இருக்கிறது. பேரை மாற்றுவீர்களா என்று செயலாளர் வீரமுத்துவிடம் கேட்டேன்.

“ரெண்டு பேரும் சமம்தாம்மா. மிஞ்சினாத்தான் பேர மாத்துவோம்” என்றார்.

“இருநூற்றி இருபது பவுண்டு எப்படி நூறு கிலோ ஆச்சுங்க?”

“இன்னா பெரிய கணக்கு? ஒரு கிலோவுக்கு ரெண்டு புள்ளி ரெண்டு பவுண்டு. வகுத்தா நூறு. மீதியே வரல பாரு!”

மீதி வராத கணக்கைக் கண்டாலே எனக்குச் சந்தேகம். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தினாலும் கணக்கை நிறுத்தவில்லை என்பது உனக்குத் தெரியும். கூட்டுறவு சங்கத்துச் சுவரில் சர்க்கார் ஒட்டியிருக்கும் தாளை நான் முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். பவுண்டு என்றாலும் ராத்தல் என்றாலும் ஒன்றுதான். ஒரு ராத்தல் 453.59 கிராம். அதை 220-ஆல் பெருக்கிப் பார். தொண்ணூற்றொன்பது கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு கிராம்தான் வரும். நூறுக்கு இருநூற்றுப் பத்து கிராம் குறை. ஒரு பலம் முப்பத்தைந்து கிராம் என்று அதே தாளில் போட்டிருக்கிறது. ஆக, ஆறு பலம். கணக்குப் பிசகாமல் ஆறே ஆறு பலம்.

என் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் யாரோ, “எங்க பூமாலை நெனச்சா இருநூத்தி இருவத எடது கையால தூக்குவான்” என்று விளையாட்டுக்குச் சொன்னதற்கு நீ எழுந்து நின்று என்ன சொன்னாய்? “தூக்கட்டும். என்னவிட ஒரு பலம் கூடத் தூக்கிக் காட்டட்டும். அன்னிக்கு அவுரு வூட்ல கை நனைக்கிறேன்.” சொன்னதோடு விட்டாயா? கல்யாணத்தில் தாலி கட்டும் வரை நின்றுவிட்டுப் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போனாய். நீ ஒரு பலம் கேட்டாய். அவர் ஆறு பலம் கூடத் தூக்கியிருக்கிறார்.

பங்குனியில் பாப்பாவுக்கு மூன்று வயது. ரிஷிவந்தியம் கோயிலில் காது குத்தி, வீட்டில் சாப்பாடு. தாய்மாமன் மடி இல்லாமல் எந்த மடியில் உட்கார வைப்பது? வந்து உட்கார், சாப்பிடு.

கமலா


வெள்ளிமலை
3-2-1963

கமலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கொடுத்த இடத்திலேயே, முதுகில் மருந்துப் பம்போடு நின்றுகொண்டு படித்தேன்.

உன் வீட்டுக்காரர் நூறு கிலோ தூக்கினது நல்ல விஷயம். முட்டி மடங்காமல் தூக்கினார் என்று எழுதியிருக்கிறாய், அதுவும் நல்லது. ஆனால் சமம் என்று செயலாளரே சொன்ன பிறகு நீ எதற்குப் பென்சிலை எடுத்தாய்? கூடப் பிறந்தவனைத் தோற்கடிக்க ராத்திரி பகலாகக் கணக்குப் போட்ட தங்கச்சியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நீ எந்தப் பக்கம் நிற்கிறாய்?

எனக்கும் கணக்குத் தெரியும். இங்கே வரும் மருந்துப் பொடிப் பெட்டியில் ராத்தல் போட்டிருக்கிறது. மேலே இருந்து வரும் உத்தரவில் கிலோ போட்டிருக்கிறது. நான் தினமும் அதே இரண்டு புள்ளி இரண்டால்தான் வகுத்துக் கலக்குகிறேன். இதுவரை ஒரு கொசுகூட வந்து கணக்குத் தப்பு என்று சொன்னதில்லை.

1958-ல் அந்தக் கம்பியை நான் எப்படித் தூக்கினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். மூன்றாவது தடவையில்தான் ஏறியது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நீதான் மஞ்சள் வைத்துக் கட்டினாய். அதற்குப் பிறகு அந்தத் தேகப்பயிற்சி சாலைக்குள் நான் நடந்து போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு நிலம் இல்லை, பெரிய உத்தியோகம் இல்லை. அந்தப் பலகையில் ஒரு வரி இருக்கிறது. அதையும் தாளில் எழுதின எண்ணை வைத்து அழிக்க நான் ஒப்ப மாட்டேன்.

தாளை நம்ப மாட்டேன். தராசு சொன்னால் கேட்கிறேன். பழைய பவுண்டு வட்டும் கம்பியும் தேகப்பயிற்சி சாலையில்தான் கிடக்கும். முடிந்தால் நிறுத்துக் காட்டு.

பாப்பாவுக்கு ஒரு மலைத்தேன் பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆதிமூலம்


வடக்கனந்தல்
17-2-1963

அண்ணனுக்கு,

நான் எந்தப் பக்கம் என்று கேட்டாய். கணக்கின் பக்கம். அது உங்கள் இரண்டு பேர் பக்கமும் சாயாது. உன் உள்ளங்கைக்கு மஞ்சள் வைத்தது நான்தான். அவர் கைக்கு இப்போது வைப்பதும் நான்தான். மஞ்சள் அரைக்கிறவளைப் பார்த்து எந்தப் பக்கம் என்று கேட்கிறாயே.

தராசு கேட்டாய் அல்லவா? கேள்.

மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை நிறுக்கும் தூக்குத் தராசு இருக்கிறது, உத்தரத்தில் தொங்குமே அது. மண்டிக்காரரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். “இன்னாம்மா, இரும்பு வியாபாரமா?” என்றார். சங்கதியைச் சொன்னதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமை சந்தை முடிந்ததும் வீரமுத்துவே ஆள் வைத்துப் பழைய கம்பியையும் வட்டுகளையும், புதுக் கிலோக் கம்பியையும் வட்டுகளையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். நான் தோற்றுப் போவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தார், அது முகத்திலேயே தெரிந்தது. சந்தைக்கு வந்த கூட்டம் பாதி அங்கே நின்றது.

ஒரு தட்டில் நீ தூக்கின கம்பி, வட்டு, வட்டு நழுவாமல் போடும் பூட்டு எல்லாம். இன்னொரு தட்டில் அவர் தூக்கின கம்பி, வட்டு, பூட்டு எல்லாம். மண்டி ஆள் கையை எடுத்தான். அவர் தட்டு மெதுவாகக் கீழே இறங்கியது.

“துரு தின்னுருக்கும்” என்றார் வீரமுத்து.

“துரு எவ்ளோ தின்னுதுன்னு பாத்துருவோங்க” என்றேன். செல்லாத பழைய எடைக்கற்களை மண்டியில் ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள், சர்க்காரிடம் ஒப்படைக்க. அதில் தேடி ஒரு ஐந்து பலக் கல்லை எடுத்து உன் தட்டில் வைத்தேன். அவர் தட்டு கொஞ்சம் ஏறியது, ஆனால் முள் நடுவுக்கு வரவில்லை. கூட்டத்தில் ஒருவன், “அவ்ளோதாம்மா, வுடு” என்றான். ஒரு பலக் கல் ஒன்றைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். முள் அசைந்து அசைந்து, நடுவில் வந்து நின்றது.

மண்டிக்காரர்தான் முதலில், “ஆறு பலம்னு தாள்ல எழுதிக்கினு வந்துதுப்பா இந்தப் பொண்ணு!” என்றார். வீரமுத்து தலையைச் சொறிந்தார். இரண்டு கல்லையும் மண்டிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்து பரணில் வைத்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் மறைக்கக்கூடாத ஒன்று. உன் மாப்பிள்ளை மண்டிக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “பொண்டாட்டி பென்சில் புடிச்சி ஜெயிச்சான்னு ஊர்ல பேர் வரணுமா எனக்கு?” என்றார். பலகையில் பேர் போட வேண்டாம் என்று வீரமுத்துவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். “ஒங்க அண்ணனே சொல்லட்டும், கம்மின்னு. அவுரு வாயால வந்தா ஒத்துக்கறேன். இல்லன்னா நான் இன்னும் ஏத்தித் தூக்கறேன்” என்கிறார்.

ஏற்றுவதென்றால் ஒரு பலம், இரண்டு பலமா ஏற்ற முடியும்? இருக்கிற வட்டில் சின்னதே இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை கிலோ. வெறியோடு தினம் பழகுகிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டால் யார் பார்ப்பது? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் உயிரை எடுக்கிறீர்கள். காது குத்து பங்குனி பதினைந்து.

கமலா


வெள்ளிமலை
25-2-1963
(கார்டு)

கமலாவுக்கு, நிறுப்பதற்கு முன் புது வட்டுகளைத் துடைத்தார்களா? மண் ஒட்டியிருந்தால் எடை கூடும்.
ஆதிமூலம்


வடக்கனந்தல்
2-3-1963
(கார்டு)

துடைத்தேன். என் முந்தானையால். உன்னுடையதையும் அவருடையதையும்.
கமலா


வெள்ளிமலை
14-3-1963

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கார்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

இங்கே என்னோடு ராசு என்று ஒருவர் பம்பு தூக்குகிறார். இந்த மலையில் பிறந்தவர். நல்ல ஆள். போன வருஷம் மருந்தடிப்பு முடியும்போது என் நோட்டுக் கணக்குப்படி இருக்க வேண்டிய பொடி, பெட்டியில் இல்லை. கிட்டத்தட்ட ஐந்து கிலோ குறைந்தது. கடைசி ஊரில் நான்கு வீட்டுக்கு மருந்தடிக்க முடியவில்லை. அங்கே ஒரு பிள்ளைக்குக் குளிர் ஜுரம் வந்தது, பிழைத்துக்கொண்டது. நான் ராசுவைத்தான் திட்டினேன். வழியில் கொட்டிவிட்டாய், கவனமில்லை என்று ஊர்க்காரர்கள் முன்னால் வைத்துத் திட்டினேன். அவர், “நான் கொட்டலிங்க” என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

உன் கடிதத்தில் இருந்த 453.59-ஐ வைத்து என் பெட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உன்னைப் பொய்யாக்கத்தான் போட்டேன். ஐம்பது ராத்தல் பெட்டியை இரண்டு புள்ளி இரண்டால் வகுத்தால் வருகிற எடையைவிட நிஜத்தில் நாற்பத்தெட்டு கிராம் குறைவு. ஒரு பெட்டிக்கு அது ஒன்றுமில்லை. போன வருஷம் நூறு பெட்டி வந்தது. கமலா, பொடியை யாரும் கொட்டவில்லை. அது பெட்டிக்குள் வரவே இல்லை. என் நோட்டில் மட்டும் இருந்தது.

கொசு வந்து சொல்லவில்லை என்று உனக்கு எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று அதே ஊருக்குப் போய், அதே ஆட்கள் முன்னால் வைத்து, ராசு மேல் தப்பில்லை, என் கணக்கில்தான் தப்பு என்று சொன்னேன். திரும்பி வரும்போது என் பம்பையும் சேர்த்து அவரே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீரமுத்துவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்:

‘செயலாளர் அவர்களுக்கு. 1958-ல் நான் தூக்கிய எடை 220 பவுண்டு. அது 99 கிலோ 790 கிராம். தாங்கள் பலகையில் 100 என்று எழுதியிருப்பதாக அறிந்தேன். மீதி ஆறு பலத்தை நான் தூக்கவில்லை. தூக்காத எடையை என் பேரில் எழுத வேண்டாம். எனக்கு யாரும் எடையில் தர்மம் போடத் தேவையில்லை. 99 கிலோ 790 கிராம் என்று கிராம் விடாமல் எழுதவும். அதற்கு மேல் வரியில் என் மாப்பிள்ளை பூமாலையின் பேரை 100 கிலோ என்று எழுதவும். வர்ணத்துக்கு ஆகும் செலவு என்னுடையது. இப்படிக்கு, ஆதிமூலம்.’

அழித்துவிட்டால் என்ன மிச்சம் என்று பயந்தேன். எழுதி முடித்தபோது அந்தப் பயம் இல்லை. தொண்ணூற்றொன்பது கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு கிராம் முழுக்க என்னுடையது. அதில் ஒரு கிராம்கூட யாரும் கொடுத்தது கிடையாது.

மாப்பிள்ளையிடம் இடுப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். பங்குனி பதினைந்து வருகிறேன். கை நனைக்கிறேன்.

உன் அண்ணன்
ஆதிமூலம்


வடக்கனந்தல்
21-3-1963

அன்புள்ள அண்ணனுக்கு,

வீரமுத்து உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். என் கையில் கொடுக்கவில்லை. நேராக உன் மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் நின்றபடியே படித்தார், உட்கார்ந்து ஒரு தடவை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாடி இது, தொண்ணூத்தொம்பது கிலோ எழுநூத்தித் தொண்ணூறுன்னு கிராம் வுடாம அவுரே எழுதிக்கிறாரு?”

“எங்க அண்ணன் அப்டித்தாங்க.”

“ஜெயிச்சா இப்டி ஒரு ஆளுகிட்டதான்டி ஜெயிக்கணும்” என்றார். பிறகு, “அவுருக்கு எல போடறது நான். நீ கிட்டயே வரக்கூடாது” என்றார்.

அன்றைக்கு வட்டுகளைத் தொடவில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். என் அண்ணனும் சரி, என் வீட்டுக்காரரும் சரி, இரண்டு பேரும் லேசான ஆட்கள் இல்லை. எனக்கு வாய்த்தது இரண்டும் நல்ல கனம்.

பலகையில் எழுதிவிட்டார்கள். உன் வரிதான் நீளமாக இருக்கிறது. ‘99 கிலோ 790 கிராம்’ என்பதற்கு இடம் போதாமல் எழுத்துக்காரர் சின்னதாக எழுதி நெருக்கியிருக்கிறார். பார்க்கிறவன் எல்லாம் அது என்ன கணக்கு என்று கேட்கிறானாம். வீரமுத்து ஒவ்வொருவனுக்கும் சொல்லிச் சொல்லி இப்போது அவருக்கு 453.59 மனப்பாடம்.

முதல் நாளே வந்துவிடு.

கமலா


வெள்ளிமலை
4-4-1963

அன்புள்ள கமலாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பாப்பாவின் காதில் புண் ஆறிவிட்டதா? ஊசி ஏறும்போது அவள் அழவில்லை, என் மீசையைத்தான் பிடித்து இழுத்தாள். பிடி நல்ல பிடி. பெண்ணாக இருந்தால் என்ன, அவள் பேருக்கும் அந்தப் பலகையில் ஒரு வரி இடம் விட்டு வைக்கச் சொல்.

உன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும். மாப்பிள்ளை இலை போட்டார், தண்ணீர் தெளித்தார், சோறு வைத்தார். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா மச்சான்?” என்றார். “வையுங்க” என்றேன். அப்படியே நான்கு தடவை வைத்தார், நான்கு தடவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு வருஷத்துக்கு நான்கு தடவை சரியாகப் போயிற்று. எனக்கு மனசு நிறைந்துவிட்டது கமலா. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளை அவர் கையாலேயே புளிச்சோறு மூட்டையைக் கட்டிக் கொடுத்தார் அல்லவா? கச்சிராயபாளையத்தில் இறங்கி மலை ஏறும்போதே மூட்டை கொஞ்சம் கனப்பது போல இருந்தது. தங்கச்சி சோற்றை அமுக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். பாதி மலையில் ராசு எதிரே வந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரித்தோம். சோற்றுக்கு அடியில், வாழையிலைச் சருகில் சுற்றி இரண்டு எடைக்கல். பெரியதில் ஐந்து பலம் என்று முத்திரை இருக்கிறது, சின்னதில் ஒரு பலம்.

உன் பரணில் இருந்தவைதான். நீ வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு வேலை செய்யும் துணிச்சல் உன் வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு. ராசுவிடம் சங்கதியைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த குரங்கெல்லாம் ஓடியது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு இரண்டு கல்லையும் மடியில் கட்டிக்கொண்டு மீதி மலையை ஏறினேன்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல். அவரைவிட எனக்கு ஆறு பலம் குறைவாக இருந்தது. அது இப்போது என் வீட்டு மாடத்தில் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன். வேண்டும் என்றால் மலை ஏறி வந்து எடுத்துக்கொள்ளட்டும். வந்தால், கை நனைக்காமல் இறங்க விட மாட்டேன்.

உன் அண்ணன்
ஆதிமூலம்